கேடயச் சின்னம் இருந்தால் புத்தகம் அவருக்காகவே எழுதப்பட்டதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஆக்ஸ்ஃபர்டில் போட்லியன் நூலகத்தில் 'ஆர்ச். செல்டன். பி. 24' என்ற எண்ணில் இருக்கும் பழைய ஸ்காட்லாந்துக் கையெழுத்துப் பிரதியின் படங்களைப் பார்த்தீர்கள். 118-ம் தாளின் பின்பக்கத்தில் சின்க்ளேர் குடும்பத்தின் கேடயச் சின்னம் வரைந்திருக்கிறது, கடைசிப் பக்கம் போகும்போது 230-ம் தாளின் பின்பக்கத்தில் 'சின்க்ளேர் பிரபு ஹென்றியின் புத்தகம்' என்று லத்தீனில் ஒரு வரி இருக்கிறது. ஆகவே இது அவர் சொல்லி, அவருக்காகவே எழுதப்பட்ட புத்தகம் என்று கட்டுரையில் போடலாமா? சின்னம் யாருடையது என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஒருவர் வைத்திருந்த புத்தகம் என்பதிலிருந்து அவருக்கென்றே செய்த புத்தகம் என்பதற்குப் போகலாமா என்பதுதான் உண்மையான கேள்வி. போகலாம், ஆனால் 'அநேகமாக' என்ற சொல்லைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. பழைய பிரதிகளைப் பட்டியலிடும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். எழுத்து, மை, தாள், கட்டு இதெல்லாம் என் தொழில். ஹெரால்டிரி, அதாவது கேடயச் சின்னங்களைப் படிக்கும் கலை, அந்த வேலைக்குத் தேவைப்பட்ட அளவுக்குக் கற்றுக்கொண்டது, சின்னங்களின் சட்டத்தில் நான் அதிகாரி இல்லை. அதனால் கேடயத்தைப் பற்றிச் சொல்லும் இடங்களை விட, அது எந்தத் தாளில், எந்த இடைவெளியில், யாருடைய எழுத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லும் இடங்களில் என்னைக் கூடுதலாக நம்பலாம்.

புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: ஆங்கிலக் கவிஞர் சாசரின் 'ட்ராய்லஸ்' என்ற நெடுங்கவிதை முழுவதும், அவருடைய சில சின்னக் கவிதைகள், அவர் எழுதாமலேயே அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட சில கவிதைகள், அப்புறம் ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் எழுதியதாகச் சொல்லப்படும் 'கிங்கிஸ் குவேர்'. இந்தக் கடைசிக் கவிதைக்கு உலகத்தில் இந்த ஒரே பிரதிதான் மிஞ்சியிருக்கிறது. 1783-ல் வில்லியம் டைட்லர் இதைப் பார்த்து அச்சிடும்வரை அப்படி ஒரு கவிதை இருப்பதே பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆகவே இந்தப் பிரதி யாருடையது என்பது சும்மா வம்புக்குக் கேட்கிற கேள்வி இல்லை.

இப்போது 230-ம் தாளின் வரி. இதை 'ஹென்றியின் கையெழுத்து' என்று எழுதாதீர்கள், 'உரிமைக் குறிப்பு' என்று எழுதுங்கள். 'இன்னாரின் புத்தகம்' என்பதை அந்த இன்னாரே எழுதியிருக்கலாம், அவருடைய எழுத்தரோ வீட்டுப் பாதிரியாரோ எழுதியிருக்கலாம். ஆனால் யார் எழுதினாலும் அது சொல்லும் சங்கதி உறுதியானது: சின்க்ளேர் பிரபு என்ற பட்டத்தோடு ஹென்றி இருந்த காலத்தில் இந்தப் புத்தகம் அவருடையது. பட்டம் இருப்பதால் காலமும் கிடைக்கிறது. அவருடைய அப்பா 1487-ல் இறந்தார். 1489-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் ஹென்றியை சின்க்ளேர் குலத்தின் தலைவர் என்று அங்கீகரித்தது. 1513 செப்டம்பர் 9 அன்று ஃப்ளாடன் போர்க்களத்தில், மன்னர் நான்காம் ஜேம்ஸ் விழுந்த அதே நாளில், அவரும் விழுந்தார். கிட்டத்தட்ட 25 வருட இடைவெளிக்குள் அந்த வரி எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரே ஒரு வரியிலிருந்து இவ்வளவு கிடைப்பது எங்கள் வேலையில் பெரிய அதிர்ஷ்டம்.

கேடயச் சின்னம் வேறு மாதிரி. அதற்குத் தேதி கிடையாது, பெயரும் கிடையாது. சின்க்ளேர்களுக்குப் பொதுவானது வெள்ளைப் பின்னணியில் கறுப்புச் சிலுவை. அதன் ஓரங்கள் நேர்க்கோடாக இருக்காது, வரிசையாகக் கடித்து எடுத்ததுபோலச் சின்னச் சின்ன வளைவுகளாக இருக்கும். இதோடு ஆர்க்னி தீவுகளின் கோமகன் பட்டத்துக்கு உரிய கப்பலும் சேர்ந்து வந்தால், ஆர்க்னி கோமகன் வழி என்று அர்த்தம். சிக்கல் என்னவென்றால், கடைசி ஆர்க்னி கோமகனான வில்லியம் சின்க்ளேர் 1470-ல் அந்தப் பட்டத்தின் உரிமைகளை மூன்றாம் ஜேம்ஸிடம் விட்டுக்கொடுத்து, பதிலுக்கு ஃபைஃபில் ரேவன்ஸ்கிரேக் கோட்டையை வாங்கிக்கொண்டார். தீவு போய்விட்டது, கப்பல் மட்டும் கேடயத்தில் தங்கிவிட்டது. அதோடு நிற்காமல் அவர் மிச்சச் சொத்தைப் பிள்ளைகளுக்குப் பிரித்த விதமும் ஒரு கதை: மூத்த மனைவியின் மகன், 'ஊதாரி' என்று பெயர் எடுத்தவர், பெரும்பகுதியை இழந்தார், ராஸ்லின் ஊர்ச் சொத்து ஆலிவர் என்ற மகனுக்குப் போனது, கேத்னஸ் சீமை வில்லியம் என்றே பெயர்கொண்ட இன்னொரு மகனுக்குப் போனது. நம் ஹென்றி அந்த ஊதாரியின் மகன். ஆக 1490 வாக்கில் ஒரே தாத்தாவிலிருந்து கிளைத்த மூன்று வீடுகள், மூன்றிலும் அதே வளைவோரச் சிலுவை. அப்படியிருக்கும்போது சின்க்ளேர் சின்னம் என்று அடையாளம் கண்டதோடு வேலை முடிவதில்லை, எந்த சின்க்ளேர் என்று கேட்க வேண்டும். இந்தப் பிரதியில் அதற்கு விடை தருவது கேடயத்தை விட 230-ம் தாளின் வரிதான்.

என் சொந்தக் கருத்து ஒன்று, நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்: சொத்து கைவிட்டுப்போன மூத்த கிளைக்காரர், குலத்தலைவர் நான்தான் என்று நாடாளுமன்றம் வரை போய் உறுதிசெய்துகொண்டவர், தன் புத்தகத்தில் கேடயத்தைப் போடும்போது அது வெறும் அலங்காரமாக இருக்காது. ராஸ்லினில் இருந்த சித்தப்பா வீட்டுக்கும் அது ஒரு சேதி.

இன்னொரு தடையும் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் சின்னம் ஆளுக்குத்தான், குடும்பப் பெயருக்கு இல்லை. இளைய பிள்ளைகள் ஓரத்தில் பட்டை வைத்தோ வேறு அடையாளம் சேர்த்தோதான் அதைத் தாங்க முடியும். அப்பா இறந்து தலைமகன் பட்டத்துக்கு வரும்போதுதான் அப்பாவுடைய கேடயத்தை மாற்றமில்லாமல் எடுத்துக்கொள்வார். ஹென்றிக்குப் பின் அவர் மகன் வில்லியம் பட்டத்துக்கு வந்தார். எனவே கேடயத்தை மட்டும் தனியாகக் காட்டினால், அது அப்பாவுடையதா மகனுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. (இன்றைக்கும் எடின்பரோவில் லயன் நீதிமன்றம் என்று ஒன்று இதற்கென்றே இருக்கிறது, பதிவு செய்யாமல் சின்னத்தைப் பயன்படுத்தினால் நடவடிக்கை எடுக்க 1672-ம் வருடச் சட்டம் அதற்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கோப்பையில் அச்சடித்து விற்கிற கடைகளைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவது இதனால்தான்.)

சரி, அப்படியென்றால் கேடயத்தால் என்னதான் பயன்? அது உட்கார்ந்திருக்கும் இடத்தால் பயன். 'ட்ராய்லஸ்' எங்கே முடிகிறதோ அங்கே, பிரதியின் நட்டநடுவில் அது வருகிறது. பழைய புத்தகம் ஒன்றை வாங்கியவர் தன் சின்னத்தைப் போட நினைத்தால் பெரும்பாலும் முதல் தாளையோ அட்டை ஒட்டுத்தாளையோதான் தேடுவார். நூலின் நடுவில், ஒரு பெரிய படைப்பு முடிகிற இடத்தில் சின்னம் இருப்பது, எழுதுகிற காலத்திலேயே அந்த இடத்தைத் திட்டமிட்டார்கள் என்று நினைக்க வைக்கிறது. நினைக்க வைக்கிறது, அவ்வளவுதான். பக்கத்தில் மிச்சமிருந்த வெற்றிடத்தைப் பார்த்து, எழுதி முடித்துச் சில வருடம் கழித்து ஓவியரைக் கூப்பிட்டிருக்கவும் முடியும். இதைத் தீர்க்கப் படத்தைப் பார்த்தால் போதாது. முதல் பக்கத்து அலங்காரத்தில் இருக்கும் நிறமிகளும் கேடயத்தின் நிறமிகளும் ஒன்றா, சின்னம் இருக்கும் தாள் அதே தாள்கட்டைச் சேர்ந்ததா, வண்ணம் எழுத்தின் மேல் ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். நிறத்தைத் திரையில் நம்பவே நம்பாதீர்கள். கேடயத்தில் வெள்ளை என்பதை வெள்ளித் தகடு ஒட்டிக் காட்டும் வழக்கம் உண்டு, அந்த வெள்ளி சில நூற்றாண்டில் கறுத்துப்போகும். அப்போது வெள்ளை மேல் கறுப்புச் சிலுவை என்பது கறுப்பு மேல் கறுப்புச் சிலுவையாகி, பார்ப்பவருக்கு வெறும் கறைபோலத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால், தகடு ஒட்டிய இடம் லேசாக மேடாகத் தெரியும், ஓரத்து வளைவுகள் அதில் பிடிபடும்.

கேடயமும் உரிமைக் குறிப்பும் இரண்டு வெவ்வேறு கதை சொல்லக்கூடும் என்பதற்கு, அதே காலத்து ஸ்காட்லாந்து அரண்மனையிலிருந்தே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இப்போது வியன்னாவில் உள்ள, ஃப்ளாண்டர்ஸில் செய்த ஒரு ஜெபப் புத்தகம், நான்காம் ஜேம்ஸுக்கும் இங்கிலாந்து இளவரசி மார்கரெட்டுக்கும் 1503-ல் நடந்த கல்யாணத்தை ஒட்டிச் செய்யப்பட்டது. ஒற்றைக் கொம்புக் குதிரைகள் தாங்கிய ஸ்காட்லாந்து அரசச் சின்னம் ஒரு முழுப் பக்கத்துக்கு இருக்கிறது, ராஜா மண்டியிட்டு ஜெபிக்கும் படம் இருக்கிறது, யாருக்காகச் செய்தார்கள் என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் அதே புத்தகத்தில் மார்கரெட் தன் கையால், இந்தப் புத்தகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்று தன் சகோதரிக்கு எழுதியிருக்கிறார். ஆக சின்னம் ஸ்காட்லாந்து அரச தம்பதியைக் காட்டுகிறது, எழுத்தோ புத்தகம் அவர்கள் கையை விட்டுப் போனதைக் காட்டுகிறது. கல்யாணத்தில் வந்த பாத்திரத்தில் வெட்டியிருக்கும் பெயர் கொடுத்தவருடையதா வைத்திருப்பவருடையதா என்று நம் வீட்டில் குழம்புவோமே, அந்தக் குழப்பம்தான். பெயரைப் பார்த்ததும் இவர்தான் சொந்தக்காரர் என்று முடிவுகட்டுவதற்கு முன், இந்தப் பெயர் இங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும்.

பெயர்கள் என்றதும் நீங்கள் இரண்டாவதாகக் கேட்டது நினைவுக்கு வருகிறது: பின்னால் உள்ள தாள்களில் வேறு சின்க்ளேர் பெயர்களும் கிறுக்கியதுபோலத் தெரிகின்றன, அவற்றை என்ன செய்வது? தூக்கிப் போடாதீர்கள், ஆனால் பாரத்தையும் ஏற்றாதீர்கள். பேனா முனையைச் சோதிக்கப் பெயர் எழுதிப் பார்ப்பது அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம், வீட்டுக்கு வந்த உறவினரோ எழுத்துப் பழகிய பிள்ளையோ எழுதியிருக்கலாம். பெண் பெயர் வந்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஸ்காட்லாந்தில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஆகவே 'சின்க்ளேர்' என்று எழுதிய பெண் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தவர் என்று அர்த்தம் இல்லை, கல்யாணமாகி வேறு வீட்டில் இருந்தபடி எழுதியிருக்கலாம், புத்தகமும் அவரோடு அங்கே போயிருக்கலாம். பிறந்த வீடு எது என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம். பெயர் தெளிவாக இருந்தும் வேலை தெளிவாகாததற்கு மெய்ட்லண்ட் குவார்ட்டோ நல்ல சாட்சி. அந்தக் கவிதைத் தொகுப்பின் முகப்பில் 'மேரி மெய்ட்லண்ட்' என்ற பெயரும் 1586 என்ற வருடமும் பளிச்சென்று இருக்கின்றன. அவர் சொந்தக்காரரா, பிரதி எடுத்தவரா, உள்ளே இருக்கும் சில கவிதைகளை எழுதியவரா என்று அறிஞர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் பிரதியிலேயே இந்தப் பாடம் இன்னொரு இடத்தில் இருக்கிறது. 'கிங்கிஸ் குவேர்' தொடங்குவதற்கு முன்னால், இது முதலாம் ஜேம்ஸ் இங்கிலாந்தில் இருந்தபோது எழுதியது என்று ஒரு தலைப்புக் குறிப்பு இருக்கிறது. முடியும் இடத்திலும் அவர் பெயரைச் சொல்லும் லத்தீன் வரி இருக்கிறது. இரண்டும் ஒன்றையே சொல்வதால் இரண்டு சாட்சி என்று எண்ணத் தோன்றும். ஆனால் தலைப்பு பிற்காலக் கை. முடிவு வரிதான் பிரதி எடுத்தவருடையது. தலைப்பை எழுதியவர் முடிவு வரியைப் படித்துவிட்டே எழுதியிருக்கலாம், அப்போது சாட்சி ஒன்றுதான். அதிலும் அந்தக் கவிதை முடியும் முன்பே எழுத்தர் மாறுகிறார், முதல் ஆள் விட்ட இடத்திலிருந்து இரண்டாம் ஆள் தொடர்கிறார். முதல் எழுத்தரை ஜேம்ஸ் கிரே என்று ஒரு காலத்தில் அடையாளம் சொன்னார்கள். பழைய நூல்களில் அது உறுதியான செய்திபோலவே வரும், இன்று அது கேள்விக்குள்ளாகிவிட்டது, உங்கள் கட்டுரையில் அந்தப் பெயரைத் தவிர்ப்பது நல்லது.

காலத்துக்கு வருவோம், ஏனென்றால் 'அவருக்காகவே' என்ற வாதத்தின் முதுகெலும்பு அதுதான். 120-ம் தாளில் ஒரு குறிப்பு: நம் மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1472 மார்ச் 17 அன்று, புனித பேட்ரிக் திருநாளில், எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஹோலிரூட் மடத்தில் பிறந்தார் என்று. வருடத்தைப் பார்த்துத் தப்பு என்று நினைக்காதீர்கள். ஸ்காட்லாந்தில் 1600 வரை புது வருடம் மார்ச் 25-ல்தான் பிறந்தது, எனவே அவர்கள் 1472 மார்ச் 17 என்று எழுதினால் நம் கணக்கில் அது 1473. பிறந்த தேதியை விட முக்கியமானது 'நான்காம்' என்ற சொல். அவர் அரியணை ஏறியது 1488 ஜூனில். அதற்கு முன் யாரும் அவரை அப்படி அழைத்திருக்க முடியாது. அந்தக் குறிப்பு பிரதி எழுதியவரின் கை என்றே பார்க்கப்படுகிறது. அப்படியானால் எழுத்து வேலை நடந்த காலமும், ஹென்றி பிரபுவாக இருந்த காலமும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி வருகின்றன. வேறு யாருக்கோ எழுதி, அவர்கள் சில காலம் வைத்திருந்து, பிறகு ஹென்றியிடம் வந்தது என்று சொல்ல நேரமே அதிகம் இல்லை. எனக்கு இதுதான் மிகப் பலமான வாதம், கேடயம் இதற்கு அடுத்துதான்.

வெளியிலிருந்தும் துணை உண்டு. விர்ஜிலின் 'ஈனிட்' காவியத்தை ஸ்காட்ஸ் மொழியில் பெயர்த்த கேவின் டக்ளஸ், அதை ஹென்றியின் வேண்டுகோளுக்கு இணங்கியே செய்ததாகச் சொல்லி, அவரை 'நூல்களின் தந்தை' என்று அழைக்கிறார். அந்த வேலை 1513 ஜூலையில் முடிந்தது, ஏழு வாரத்தில் ஹென்றி போர்க்களத்தில் இறந்துவிட்டார். புத்தகத்துக்குக் காசு செலவழிக்கிற ஆள் என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்னும் சுவையான ஒன்று: 1406-ல் சிறுவனாக இருந்த முதலாம் ஜேம்ஸை பிரான்ஸுக்குக் கப்பலில் அனுப்பியபோது ஆங்கிலேயர் கடலில் பிடித்தார்களே, அப்போது அவர் கூட இருந்தவர் ஆர்க்னி கோமகன் ஹென்றி சின்க்ளேர், நம் ஹென்றியின் கொள்ளுத்தாத்தா. அந்த மன்னர் பதினெட்டு வருடச் சிறைவாசத்தைப் பற்றி எழுதியதாகச் சொல்லும் கவிதையின் ஒரே பிரதி அந்தக் குடும்பத்துப் புத்தகத்தில் இருக்கிறது! படிக்கும்போது எனக்கே புல்லரிக்கும். ஆனால் கட்டுரையில் இதை ஆதாரப் பட்டியலில் வைக்காதீர்கள், அடிக்குறிப்பில் வையுங்கள். பொருத்தமாக இருக்கிறது என்பதும் நடந்தது என்பதும் வேறு வேறு.

செல்டன் என்ற பெயர் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஜான் செல்டன் 17-ம் நூற்றாண்டு ஆங்கில வழக்கறிஞர், 1654-ல் இறந்தார், அவருடைய நூல்கள் 1659-ல் போட்லியனுக்கு வந்தன. நூலக எண்ணில் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருப்பதும் ஒரு உரிமைக் குறிதான், ஆனால் அது ஸ்காட்லாந்துக் கதையைப் பற்றி எதுவும் சொல்லாது.

கடைசியாக, கேடயத்தை ஒப்பிட எதை வைத்துக்கொள்வது என்பது. இணையத்தில் கிடைக்கும் சின்க்ளேர் சின்னப் படங்கள் வேண்டாம், அவை பெரும்பாலும் பிற்காலத்து வீடுகளுடையவை. மவுண்ட் ஊர்க்காரரான சர் டேவிட் லிண்ட்சே 1542-ல் தொகுத்த சின்னத் தொகுதியைப் பாருங்கள். அசல் எடின்பரோவில் இருக்கிறது, 19-ம் நூற்றாண்டிலேயே அச்சு நகல் வந்துவிட்டது. ஹென்றி இறந்து கிட்டத்தட்ட 30 வருடம் கழித்து வந்தது என்பதையும், அந்தத் தொகுதியில் உயிரோடு இருந்த பிரபுக்களோடு கற்பனை மன்னரான பிரெஸ்டர் ஜானுக்கும் ஏசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்கும்கூடக் கேடயம் வரைந்து வைத்திருக்கிறார்கள் என்பதையும் மறக்காமல் பாருங்கள். ஸ்காட்லாந்துப் பிரபுக்கள் பகுதி நம்பகமானது, 1630-ல் அரசு ஆலோசனைக் குழுவே அந்தத் தொகுதிக்கு ஒப்புதல் கொடுத்தது. கட்டுரை வாக்கியத்துக்கு என் யோசனை: 'சுமார் 1488-க்குப் பிறகு எழுதப்பட்டது, 1513-க்குள் சின்க்ளேர் பிரபு ஹென்றியிடம் இருந்தது, அநேகமாக அவருக்காகவே செய்யப்பட்டது.' முதல் இரண்டையும் யார் கேட்டாலும் நின்று பதில் சொல்லலாம். மூன்றாவதில் 'அநேகமாக' என்ற சொல்லை உங்கள் வழிகாட்டி அடித்தால், நிறமி ஆய்வு எங்கே என்று அவரிடமே கேளுங்கள்.